பென்சிலில் எழுதிய உறவு: பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து வாரன் கவுண்டிக்கு

நியூ ஜெர்சியில் இலை நிறம் மாறுவதைப் பார்க்க எங்கே போகலாம் என்று போன வாரம் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்றே ஒன்றுதான். 1999 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நானும் என் கணவர் ஜெபராஜும் ஆறு வயது மகள் ரூத்தும் போனது. உண்மையைச் சொன்னால் நாங்கள் இலை பார்க்கப் போகவில்லை. வாரன் கவுண்டியில் ஒரு முதியவர் எங்களைச் சொந்தக்காரர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையைக் கெடுக்கத்தான் போனோம்.

என் மாமனார் பெயர் ஆஷ்வெல். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் சபைகளில் பழைய பாதிரியார் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கம். ஊரில் என் கணவர் வெறும் ஏ. ஜெபராஜ். அமெரிக்கா வந்ததும் லாஸ்ட் நேம் கேட்டார்கள், நம் ஆட்கள் எல்லோரையும் போல அப்பா பெயரை எழுதிக் கொடுத்தார். போன் டைரக்டரியில் ‘ஆஷ்வெல், ஜே.’ என்று அச்சாகிவிட்டது.

அதைப் பார்த்துத்தான் அந்தக் கடிதம் வந்தது. எழுதியவர் ஹெரால்ட் ஆஷ்வெல். வயது எழுபத்தெட்டு. நிலம் அளக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குடும்பம் இங்கிலாந்தில் ஒரு குக்கிராமத்துச் சபையைச் சேர்ந்தது. அந்தச் சபைப் பதிவேட்டில் இருக்கும் ஆஷ்வெல்கள் அத்தனை பேருக்கும் வம்ச வரிசை எழுதிக்கொண்டிருந்தார். மாநிலத்தில் உள்ள எல்லா ஆஷ்வெல்களுக்கும் கடிதம் போட்டிருந்தார். என் கணவர் அவருக்குப் போன் செய்து பேசினார். என்ன பேசினார் என்பது 206-ஆம் நம்பர் ரோட்டில் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

“நாம யாருன்னு தெளிவா சொல்லிட்டீங்கதானே?”

“சொன்னேன். ஆஷ்வெல் உங்களுக்கு எந்த வழின்னு கேட்டாவ. அப்பா வழின்னு சொன்னேன்.”

“அய்யய்யோ! அவர் நம்மள ரத்த சொந்தம்னு நெனச்சிருப்பாரே!”

“ரொம்ப சந்தோஷப்பட்டாவ. லஞ்ச்சுக்கு வரச் சொன்னாவ. எப்படி இல்லன்னு சொல்ல?”

இந்த மனிதருக்கு ‘இல்லை’ என்ற வார்த்தை மட்டும் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அப்போது கல்யாணமாகி ஒன்பது வருஷம், அதுவரை நான்தான் அவருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். காரைத் திருப்பச் சொன்னேன். சமைத்து வைத்துக் காத்திருப்பார், பாவம் என்றார். அதுவும் சரிதான். நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவானது.

வழி இதுதான். காலை 8.40-க்குக் கிளம்பினோம். பிரின்ஸ்டன் வழியாக 206 வடக்கே. சோமர்வில்லில் 202 தெற்கு பிடித்து ஃபிளெமிங்டன். அங்கே பெட்ரோல் பத்து டாலர், காபியும் டோனட்டும் நான்கு டாலர் இருபது சென்ட். பிறகு ரூட் 31 வடக்கு. கிளின்டனில் ஆற்றோரம் ஒரு சிவப்பு மில் இருக்கிறது, இறங்கிப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வாஷிங்டன் என்றே பெயருள்ள சின்ன ஊரைத் தாண்டினால் மலையும் மக்காச்சோளக் கொல்லையும்தான். மேப்பிள் மரமெல்லாம் குங்குமத்தைக் கொட்டியது போல நின்றது. எனக்கு ரசிக்க மனம் எங்கே இருந்தது? எல்லாம் சேர்த்து அறுபத்தெட்டு மைல். 10.50-க்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஹெரால்ட் டை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். எங்களைப் பார்த்தார். பின்னால் வேறு கார் ஏதும் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தார். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனாலும் மனிதர் நல்ல மரியாதை தெரிந்தவர். கையை நீட்டி உள்ளே கூப்பிட்டார்.

சாப்பாட்டு மேஜை முழுவதும் நீளமான காகிதச் சுருள் விரிந்திருந்தது. சில பெயர்கள் மையில், சில பென்சிலில். அளந்து சரிபார்க்கும்வரை பென்சில், பிறகுதான் மை என்பது அவர் தொழில் பழக்கமாம். வம்சத்துக்கும் அதையே வைத்துக்கொண்டார். ஓரத்தில் ஒரு பெயரை விரலால் காட்டினார். தாமஸ், இந்தியா போனார், பிறகு தகவல் இல்லை. அது பென்சில். கீழே அவருடைய சொந்தப் பெயர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. பக்கத்தில் ‘கடைசி’ என்று எழுதியிருந்தார். அதுவும் பென்சில்தான். எங்களுக்காகப் பேனா மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார்.

மேஜைக்கு அடியில் என் கணவர் காலை மிதித்தேன். அவர் இங்கிலீஷில் சொன்னார்: “சார், எங்களுக்கு உங்க ரத்தம் கிடையாது. ஆஷ்வெல் எங்க அப்பாவோட பேரு, அவ்வளவுதான். போன்லயே சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க.”

ஹெரால்ட் பேனாவை மூடினார். “அப்படின்னா ‘கடைசி’ங்கறது சரிதான்” என்றார். பேனாவை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, “உங்க அப்பாவுக்கு எப்படி அந்தப் பேர் வந்தது?” என்று கேட்டார்.

கணவர் ஊர்க் கதையைச் சொன்னார். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து அவர்கள் ஊர்ச் சபைக்கு வந்த பாதிரியார் பெயரும் தாமஸ் ஆஷ்வெல்தான். அவருக்கு ஒரே ஒரு குழந்தை. மூன்று மாதத்தில் இறந்துவிட்டது. பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லாமல் போயிற்றே என்று சபையாருக்கு ஆற்றாமை. அடுத்துப் பிறந்த ஆண் குழந்தைக்கு ஆஷ்வெல் என்று பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து ஏதாவது ஒரு வீட்டில் ஒரு ஆஷ்வெல் இருந்துகொண்டே இருக்கிறார். பாதிரியாரும் இங்கிலாந்து திரும்பவில்லை. குழந்தைக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். ஈஸ்டர் விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்தில் முதல் மெழுகுவர்த்தி அங்கேதான்.

ஹெரால்ட் பென்சிலைக் கையில் எடுத்தார். கோயிலுக்கு எந்தத் திசையில்? இரண்டு கல்லறைக்கும் நடுவே எத்தனை அடி?

“வடக்கே, சார். நடுவுல ரெண்டடி இருக்கும். சின்ன வயசுல அந்தக் கல்லு மேல ஏறித்தான் புளியங்கா பறிப்போம்” என்று கணவர் உளறிவிட்டு என்னைப் பார்த்தார். ஹெரால்ட் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இஸ் ஹி அவர் கிராண்ட்பா?” என்றாள் ரூத், அவர் எதிரிலேயே.

“இன்னும் தெரியல. இப்போதைக்குப் பென்சில்ல எழுதி வைக்கிறேன்” என்றார் அவர். உன் முழுப் பெயர் என்ன என்று அவளைக் கேட்டார். ரூத் ஜெபராஜ் என்றாள். ஆஷ்வெல் இல்லையா என்று எங்களைப் பார்த்தார். எங்களில் அப்பா பெயர்தான் பின்னால் வரும், தாத்தா பெயர் வராது என்று விளக்கினேன். எழுத்துக்கூட்டிக் கேட்டு அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு சாப்பிட்டோம். கோழி ரோஸ்ட்டில் உப்பே இல்லை, ஆப்பிள் பை அருமை. என் ரவா லட்டு ஐந்து சாப்பிட்டார்.

கணவரின் அண்ணன் ஊர்ச் சபையில் செயலாளர். ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல்களும் இரண்டு கல்லறைகளின் போட்டோவும் கிறிஸ்துமஸுக்கு முன்பு தபாலில் வந்தன. பாதிரியாரின் கல்லில் அவர் பிறந்த இங்கிலாந்துக் கிராமத்தின் பெயரும் இருந்தது. ஹெரால்டுக்கு அனுப்பினோம். பிப்ரவரியில் ஒரு நீளக் குழாய் வந்தது. உள்ளே சுருளின் நகல்.

தாமஸ் மையில் இருந்தார். குழந்தையும் மையில். குழந்தையிலிருந்து புள்ளிக் கோடு ஒன்று இறங்கியது. ‘இந்தப் பெயரை ஊர் காப்பாற்றியது’ என்று பக்கத்தில் ஒரு வரி. அதன் கீழே பதிவேட்டில் இருந்த ஆஷ்வெல்கள் அத்தனை பேரும், கடைசியில் என் மாமனார், ஜெபராஜ், நான், ரூத். எல்லாம் மை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது?

இந்த வழியில் போகிறவர்களுக்கு: அக்டோபர் நடுவில் போங்கள், ஃபிளெமிங்டனிலேயே டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள், யாராவது சொந்தம் என்று கூப்பிட்டால் போனிலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள், அதற்காகச் சாப்பிடப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

அசல் சுருளை ஹெரால்ட் இங்கிலாந்துச் சபைக்கே கொடுத்துவிட்டார். கோயிலில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்களாம். நான் இன்னும் போனதில்லை. யாராவது போனால் வலது ஓரம் அடியில் பாருங்கள், நாங்கள் அங்கே இருக்கிறோம். கொஞ்சம் தள்ளி ஹெரால்ட் பெயர் இருக்கும். அதன் பக்கத்தில் ரப்பரால் அழித்த ஒரு தடமும் தெரியும்.