கோர்ட்டுக்குப் போன ஸ்கூட்டி

எங்கள் நைனாவுக்குப் பாதுகாப்பு வாரத்தில் பரிசு கிடைத்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். லாரியில் வரும் பாரத்தை இரண்டு இரும்புக் கரங்களில் ஏந்திக்கொண்டுபோய் அடுக்குகிற வண்டி அது. பதினைந்து வருடத்தில் அவர் ஒரு சுவரைக்கூட உரசியதில்லை. அதற்காக மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டி ஒரு கவரைக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் கோ கார்ட் ஓட்ட இரண்டு டிக்கெட். மெதுவாக ஓட்டியதற்காக ஒரு மனிதனை ரேஸுக்கு அனுப்பிவைத்த புத்திசாலி யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் நாலு கேள்வி கேட்பேன்.

அப்போது நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். ஜூன் முதல் பொன்னேரியில் கல்லூரி. ரயிலில் போய்விடலாம், ஆனால் எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் அரை உடம்பு உள்ளே, அரை உடம்பு வெளியே என்று தொங்கிக்கொண்டு போக வேண்டும். வீட்டிலோ, குவைத்துக்குப் போன மாமா விட்டுப்போன ஸ்கூட்டி ஒன்று அம்மாவின் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு சும்மா நின்றது. நான் ஓட்டப் பழகி லைசென்ஸும் எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நைனா புடவையை விலக்குவார், ஸ்டார்ட் செய்வார், ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பார், திரும்பப் போர்த்துவார். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கியது. பிள்ளை திருடிவிடுவாளாம்!

“அந்த ரோட்ல டிரெய்லர் போவுது பாப்பா. மேல குந்திக்கினு கீறவனுக்கு நீ தெரியவே மாட்டே. ஆட்டோலயே போ, பேஜாரு வேணாம்” என்பார்.

எனக்கோ கோபம் மூக்குக்கு மேலே வரும். டிக்கெட்டைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. “ரேஸுல நான் உன்னை ஜெயிச்சிட்டா சாவியைக் குடுப்பியா நைனா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். பதினைந்து வருடச் சிரிப்பு. “நீ எனக்கு முன்னாடி வந்துடு, சாவி உன்னுது. இல்லாங்காட்டி மூணு வருசமும் ஆட்டோதான். வாயே தொறக்கக் கூடாது, இன்னா?”

சரி என்று கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன்.

தண்ணீர் பிடிக்கப் போன அம்மா எதிர் வீட்டுப் பெரியம்மாவிடம், “ஞாயித்துக்கெழம அப்பனும் பொண்ணும் கோ கார்ட் போறாங்கோ” என்று சொல்லியிருக்கிறாள். பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“கோர்ட்டுக்கா? அடிப்பாவி! இன்னா கேஸு?”

“எல்லாம் அந்த ஸ்கூட்டியாலதான்க்கா. ரெண்டுல ஒண்ணு பாக்கறேன்னு நிக்கறாங்கோ.”

“பொன்னேரி கோர்ட்டா, திருவள்ளூர் கோர்ட்டா?”

“தெர்ல. ஹைவே மேலயே கீதாம்.”

கோ கார்ட் என்றால் என்னவென்று அம்மாவுக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோர்ட்டும் திறந்திருக்காது என்று பெரியம்மாவுக்குத் தோன்றவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தால் தெருவுக்கே செய்தி போய்விடும். நாங்கள் கிளம்பும்போது பெரியம்மா வாசலில் நின்று என் நெற்றியில் விபூதி பூசி, “எது கேட்டாலும் உண்மையைச் சொல்லு கண்ணு” என்றார். நைனாவைப் பார்த்து, “பெத்த பொண்ணாச்சே, கொஞ்சம் உட்டுக்குடுக்கக் கூடாதா?” என்றார். நைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவர்கள் எது சொன்னாலும் தலையாட்டுவது அவர் வழக்கம். ஆட்டினார். பஸ் ஏறியபிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது, நைனாவுக்கும் சொன்னேன். நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

சென்னைக்குப் போகும் வழியில் நெடுஞ்சாலை ஓரமாக இருந்தது அந்த இடம். வளைந்து வளைந்து போகும் தார்ப்பாதை, இரண்டு பக்கமும் அடுக்கிவைத்த பழைய டயர்கள், தரையை ஒட்டிப் பொம்மை மாதிரி வண்டிகள். எட்டுச் சுற்று ஓட்ட வேண்டும். கையில் கொடியும் கழுத்தில் விசிலுமாக ஒருவர் விதிகளைச் சொன்னார். வலது கால் ஆக்ஸிலரேட்டர், இடது கால் பிரேக், என்ன ஆனாலும் டிராக்கில் இறங்கக் கூடாது. இதை மூன்று முறை சொன்னார்.

நைனா ஏறுவதற்கு முன் வண்டியைச் சுற்றிவந்தார். டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார். ஆயில் ஒழுகுகிறதா என்று மண்டி போட்டுப் பார்த்தார். ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது தினமும் செய்வதாம். பின்னால் நின்ற இரண்டு கல்லூரிக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

“ஹாரன் எங்கப்பா?” என்று கேட்டார் நைனா.

“ஹாரன் கெடையாது.”

“ரிவர்ஸு?”

“அதுவும் கெடையாது பெருசு, ஏறி குந்து!”

“ரெண்டும் இல்லாத வண்டிக்கு எவன்யா பர்மிஷன் குடுத்தது?” என்று முணுமுணுத்தபடியே ஏறினார்.

கொடி இறங்கியது. நான் ஒரே மிதி. காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து காதை அடைத்தது. ஐயோ, அந்தச் சுகம்! முதல் வளைவு வந்தது, ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது, டயர் அடுக்கில் போய் முட்டி நின்றேன். ஆள் வந்து இழுத்துவிட்டார். மறுபடி மிதித்தேன். மூன்றாவது சுற்றிலும் ஒரு முட்டு, ஐந்தாவதிலும் ஒரு முட்டு. கல்லூரிக்காரர்கள் என்னைத் தாண்டும்போதெல்லாம் கையாட்டினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நைனாவின் கதை வேறு. ஃபோர்க்லிஃப்டுக்குத் திரும்புவது பின்சக்கரம். வளைவில் முன்பக்கம் ஓரத்தை ஒட்டிப் போகும், பின்பக்கம்தான் வீசிக்கொண்டு திரும்பும். அதனால் அதை ஓட்டுகிறவர்கள் கண் எப்போதும் பின்னால் இருக்கும். இங்கே முன்சக்கரம் திரும்புகிறது என்பது அவர் மூளைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஓரத்தை ஒட்டித் திருப்பி, உள்பக்க டயரைப் பின்சக்கரத்தால் உரசிவிட்டு, கழுத்தைத் திருப்பி, அடிபட்டவனைத் தேடுகிற மாதிரி பார்ப்பார். தொழிற்சாலையில் முனை திரும்பும்போது ஹாரன் அடித்தே ஆக வேண்டும். இங்கே ஹாரன் இல்லை. ஆகவே வாயாலேயே அடித்தார்.

“பாம், பாம்!”

இன்ஜின் சத்தத்தையும் மீறி அது கேட்டது. வேலிக்கு வெளியே நின்ற குழந்தைகள் கூடச் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். அவர் வளைவுக்கு வருவார், இருபது குழந்தைகள் “பாம், பாம்!” எனக்கு மானம் போனது.

ஆனால் மானம் போனாலும் அவர் நிற்காமல் வந்துகொண்டே இருந்தார். நான் பாய்ந்து பாய்ந்து முட்டியதில் எட்டாவது சுற்றில் இரண்டு பேரும் ஒன்றாக வந்துவிட்டோம். நான் கொஞ்சம் முன்னே. ஒரே ஒரு வளைவு பாக்கி. சாவி என் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்து ஓர் அழுத்து அழுத்தினேன். நேராக டயருக்குள். இந்த முறை இரண்டு டயர் சரிந்து என் மடியில் விழுந்தன.

மூச்சு வாங்கியபடி திரும்பிப் பார்த்தேன். நைனா வந்துகொண்டிருந்தார். எதிரே முடிவுக்கோடு, காலியான பாதை. போனால் ஜெயம். மூன்று வருடம் நான் வாயே திறக்க முடியாது.

அவர் பிரேக் போட்டார். வலது கை தானாக எழுந்து, அங்கே இல்லாத ஒரு லீவரைப் பிடித்து முன்னே தள்ளியது. இரும்புக் கரங்களைத் தரையில் இறக்காமல் அவர் வண்டியை விட்டு இறங்குவதில்லை. பிறகு இறங்கினார். நடுப்பாதையில் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

“நிறுத்து! நிறுத்து! புள்ள கீது!”

எட்டுச் சுற்றை முடித்தும் ஆசை தீராமல் பின்னால் வந்த கல்லூரிக்காரர்கள் கிறீச்சிட்டு நின்றார்கள். விசில்காரர் ஊதிக்கொண்டே ஓடிவந்தார். “யோவ் பெருசு, எறங்காதன்னு எத்தினி தபா சொன்னேன்! நீ அவுட்டு! வெளிய போய்யா!”

நைனா அதைக் காதில் வாங்கவில்லை. என் மடியிலிருந்த டயரை எடுத்து ஓரமாக ஒழுங்காக அடுக்கிவைத்தார். “கால் ஆடுதா? ஆட்டு பாக்கலாம்” என்றார். ஆட்டினேன். அப்புறம்தான் வெளியே போனார். என் வண்டியை இழுத்து நேராக விட்டார்கள். கோட்டைத் தாண்டினேன். ஒரு சந்தோஷமும் இல்லை.

பஸ்ஸில் கத்தினேன். “இன்னாத்துக்கு நின்னே? போயிருந்தா நீதானே ஜெயிச்சிருப்பே?”

“ஆளு மாட்டிக்கினா வண்டியை நிறுத்தணும். ரூலு.”

“அது உங்க கம்பெனி ரூலு!”

“எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்” என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தோற்றது நான்தான் என்பது எனக்குத் தெரியும். சாவியைக் கேட்க மனசு வரவில்லை.

தெருமுனையிலேயே பெரியம்மா காத்திருந்தார். “இன்னா ஆச்சி கேஸு? யாருக்குத் தீர்ப்பு?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நைனா நடுத்தெருவில் நின்று, சட்டையைத் தூக்கி, அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார். “நான் தோத்துட்டேன்க்கா” என்று சொல்லி என் கையில் வைத்தார். விசில்காரர் அவரை அவுட் என்றுதானே சொன்னார். நைனா விதிப்படி நடக்கிற மனிதர்.

ஜூன் மாதம், கல்லூரியின் முதல் நாள். நைனா விடியற்காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தார். புடவையை விலக்கி ஸ்கூட்டியை எடுத்தேன். சிப்காட் முனை வரை நன்றாகத்தான் ஓட்டினேன். முனையில் ஒரு டிரெய்லர் நின்றது, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் மூன்று. முன்னால், மஞ்சள் ஹெல்மெட்டோடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நைனா.

வெட்கத்தில் செத்தே போனேன். நின்றால் இன்னும் அசிங்கம். “பாம், பாம்” என்று என் வாயே சொல்லியது. அப்படியே முனையில் வளைந்து ஸ்டேஷன் பக்கம் போனேன்.

முதல் டிரெய்லர்காரர் தலையை வெளியே நீட்டி, “யோவ், யார் சொல்லிய்யா ரோட்டை மடக்கறே?” என்று கத்தினார்.

நைனா கையை இறக்காமலே சொன்னார்: “கோர்ட் ஆர்டருப்பா!”