போஸ்டருக்கு இஸ்திரி போட்டேன்

எனக்கு இஸ்திரி போடத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு எதிரான முக்கிய சாட்சியே அதுதான். பகாவுக்கு அருகே ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இருபத்தாறு வருடங்களாக ஆசிரியராக இருக்கிறேன். ஒரு நாளும் கசங்கிய சட்டையோடு வகுப்புக்குள் நுழைந்ததில்லை.

என் மகள் கோலாலம்பூரில் முதுநிலை ஆய்வு செய்கிறாள். ஃபோட்டானிக்ஸ், அதாவது ஒளியை வேலை வாங்கும் அறிவியல். மெல்லிய கண்ணாடி இழை வழியாகச் செம்பனைக் குலையின் மேல் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை அளந்து, பழம் எந்த அளவு பழுத்திருக்கிறது என்று சொல்வாள். நான்கு மாதங்கள் வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து எங்கள் தோட்டத்திலேயே அளந்தாள். நான் குடை பிடித்தேன். ஒருநாள் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"கீழ நாலு பழம் உதுந்து கெடந்தா பழுத்துருச்சுன்னு அர்த்தம். இதுக்கு எதுக்குமா லைட்டு?"

உதிர்வதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் என்றாள் மகள். மண்டோர் யோசித்தார். "அப்ப ஜோசியம்லா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஜோசியத்தைத் துணியில் அச்சடித்து, போர்ட்டிக்சனில் ஒரு கடற்கரை ஹோட்டலில் நடக்கும் சர்வதேச மாநாட்டில் மாட்ட வேண்டும். பல நாட்டு விஞ்ஞானிகள் வருகிறார்கள். முதல் நாள் பிற்பகலில் வேலை, மேற்படிப்பு பற்றிய அமர்வு ஒன்று; வெளிநாட்டு ஆய்வுக்கூடங்கள் மாணவர்களைத் தேடும் இடம். ஜெர்மனியிலிருந்து வரும் பேராசிரியை ஒருவர் இவளுக்கு எழுதியிருந்தார்: முதலில் உன் போஸ்டரைப் பார்க்கிறேன், பிறகு முனைவர் பட்டத்துக்கான இடம் பற்றிப் பேசலாம். அந்த வரியை மகள் எங்களுக்கு மூன்று முறை படித்துக் காட்டினாள். நான்கு வருடப் படிப்பு.

போய் வா என்றுதான் நானும் சொன்னேன். சொன்ன வாரமே, நடைபாதையில் உறைந்த பனியில் வழுக்கி விழுவது எப்படி என்று விளக்கும் படம் ஒன்றை அவளுக்கு அனுப்பினேன். விழாமல் இருப்பது எப்படி என்ற படம்தான் அது, நான் சரியாகப் பார்க்கவில்லை என்பது மனைவி எடுத்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மாநாட்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் வீட்டுக்கு வந்தாள். போஸ்டரைப் பைக்குள் போர்வை மாதிரி மடித்து வைத்திருந்தாள். விரித்தால் குறுக்கும் நெடுக்கும் மடிப்புக் கோடுகள். தொங்கவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். தொடாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. இதைப் பல முறை நினைவில் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

அப்போதுதான் மறுநாளைக்கு என் பருத்தி பாத்தேக் சட்டையைத் தேய்த்து முடித்திருந்தேன். பெட்டி நல்ல சூட்டில் இருந்தது. போஸ்டரின் நடுவில் வைத்தேன். பாலியெஸ்டர் துணி பாலாடை மாதிரிச் சுருங்கியது. பதறித் தூக்கினேன். மகளின் வரைபடமும் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நான்கு மாதப் பழங்கள் இருந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஓர் ஓட்டை.

அடுப்பில் ஒன்றும் தீயவில்லையே என்று சொல்லிக்கொண்டே மனைவி வந்தாள். தலையில் துண்டோடு மகள் அதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தாள். அவள் கத்தவில்லை. ஓட்டையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பா, வேணும்னே செஞ்சீங்களா?"

இல்லை என்றேன். வீட்டுப் பாடத்தை யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டால் என் மாணவர்கள் சொல்வார்களே, அந்த வேகத்தில் சொன்னேன்.

"இத்தனை வருசத்துல ஒரு காலரைக்கூட பொசுக்காத மனுசன்" என்றாள் மனைவி, பொதுவாக. எனக்குப் பரிந்து பேசினாளா, சாட்சி சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

துணியில் அச்சடிக்கும் கடை கோலாலம்பூரில், ஞாயிறு விடுமுறை. பகாவில் எழுதுபொருள் கடையைச் சாத்தும் நேரத்துக்கு ஓடி, வரைபடத்தை மட்டும் நான்கு தாள்களில் வண்ணத்தில் எடுத்து வந்தோம். மகள் தரையில் உட்கார்ந்து பின்பக்கமாக வைத்து ஒட்டினாள். உதவலாமே என்று கத்தரிக்கோலை எடுத்தேன். கைக்குழந்தையிடமிருந்து வாங்குவது போல மெதுவாக வாங்கிக்கொண்டாள். ஓட்டை அடைபட்டது. பழுப்பேறிச் சுருண்ட விளிம்பை ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறுநாள் அவசர விடுப்பு எடுத்து நானே காரில் கூட்டிப் போனேன். கோலப்பிலா, சிரம்பான் எல்லாம் தாண்டிப் போர்ட்டிக்சன் வந்தோம். ஹோட்டல் முகப்பில் உட்காருங்கள், உள்ளே வர வேண்டாம் என்றாள்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து உள்ளே போனேன். யாரும் தடுக்கவில்லை. நரைத்த தலை, கண்ணாடி, மடிப்புக் கலையாத பாத்தேக். என்னையும் பேராசிரியர் என்று நினைத்திருக்க வேண்டும். வழியிலேயே ஓர் இளைஞன் பிடித்துக்கொண்டான். தன் போஸ்டரை இரண்டே நிமிடத்தில் விளக்குகிறேன் என்று கால் மணி நேரம் விளக்கினான். நான் தலையாட்டினேன். ஏதாவது கருத்து உண்டா என்று கேட்டான். என் மாணவர்களிடம் சொல்வதையே சொன்னேன்: வரைபட அச்சுகளில் எழுத்து இன்னும் பெரிதாக இருக்கலாம். அவன் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டான்.

அங்கிருந்து பார்த்தால் மகளின் போஸ்டர் தெரிந்தது. எதிரே வெள்ளைத் தலைமுடியோடு ஓர் அம்மையார், கருகிய விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். மகள் ஏதோ சொன்னாள். இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அந்த அம்மையாரே என்னிடம் வந்தார்; ஜெர்மன் பேராசிரியை அவர்தான். இஸ்திரி போட்டவர் நீங்கள்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். வரைபடம் பற்றித் தான் கேட்ட எல்லாவற்றுக்கும் உங்கள் மகள் தெளிவாகப் பதில் சொன்னாள், விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன் என்றார். அப்பாவுக்குப் பயம் என்றும் சொன்னாளாம். என்ன வேண்டுமோ கேளுங்கள் என்றார்.

நான் தயாராக வந்தவன். விடுதியில் சோறு ஆக்க முடியுமா, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். சிரிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஆய்வுக்கூடத்திலிருந்து கிளினிக் எவ்வளவு தூரம் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, நடந்தால் பதினான்கு நிமிடம் என்றார். நான் வீட்டில் பார்த்தபோதும் பதினான்குதான். மகள் தரைவிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதிய இடைவேளையில் காரில் உட்கார்ந்து, மனைவி கட்டிக் கொடுத்த நாசி லெமாவைச் சாப்பிட்டோம். எதிரே கடல். நான்தான் ஆரம்பித்தேன்.

"வேணும்னு செய்யலம்மா. ஆனா அது பிஞ்சு வந்தப்ப, ஒரு நொடி, அப்பாடான்னு இருந்துச்சு."

அவள் நெத்திலியை மென்று முடித்தாள். "தெரியும்பா. வாசல்ல நின்னு அதைத்தானே பாத்தேன்."

"பெறகு ஏன் கேட்ட?"

"நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்." இலையை மடித்தாள். "எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் இருந்துச்சு."

"அப்ப போக வேணாமா?" என்று கேட்டுவிட்டேன். என் குரலில் இருந்த ஆசை எனக்கே கேட்டது.

"பாத்தீங்களா" என்று சிரித்தாள். அந்த இரண்டு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான். கையைக் கழுவிக்கொண்டு பிற்பகல் அமர்வுக்குப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பாள் என்று நினைத்துக் கையை உயர்த்தியிருந்தேன்.

அடுத்த வாரம் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினாள். ஆங்கிலத்தைச் சரிபார்க்கச் சொன்னாள். அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற இடத்தில் அவள் அம்மாவின் எண் இருந்தது. ஏன் என்னுடையது இல்லை என்று கேட்டேன்.

"நீங்க போனை எடுத்ததுமே அழுவீங்கப்பா. அம்மா மொதல்ல விசயத்தைக் கேப்பாங்க."

எண்ணை அப்படியே விட்டேன். மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். "நீங்களே அனுப்புங்க" என்றாள்.

இது எதற்கான தண்டனை என்று புரிந்தது. தண்டனைதானா என்றும் தோன்றியது. அழுத்தினேன். போனதா இல்லையா என்று தெரியாமல் மறுபடியும் விரலைக் கொண்டு போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போயிருச்சுப்பா. ஒரு தடவை போதும்."