பல் படிப்பில் ஓர் இடம்

பேர்லேண்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் பல வருடங்களாக என் கணவரின் அலுவலகம். அவருக்கு மீட்டிங் நடக்கும்போது நான் மிக்ஸி போடக் கூடாது. தாளிக்கலாம், ஆனால் கடுகு கொஞ்சம் அடக்கமாக வெடிக்க வேண்டும். கிரீன் கார்டு வந்து நானும் வேலைக்குப் போகலாம் என்றானபோது, தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். டெஸ்டிங் படி, பைத்தான் படி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். அதாவது அதே மேசையின் மறுமுனையில் உட்காரலாம். எனக்கோ அந்த மேசை இருக்கும் வீட்டை விட்டுக் காலையில் கிளம்பிப் போக வேண்டும் என்பதுதான் ஆசையே.

எங்கே போவது என்பது, கணவரோடு பல் கிளினிக்குக்குப் போன ஒரு நாள் தெரிந்தது. இந்த ஊரில் பல் டாக்டர் கடைசியில்தான் வந்து எட்டிப் பார்ப்பார். அதற்கு முன்பு நம்மை மல்லாக்கப் படுக்க வைத்து, காறையைச் சுரண்டி, நூல் விட்டு இழுத்து, ஈறில் ரத்தம் கசிந்தால் கண்டிக்கிறவர் ஹைஜீனிஸ்ட். அன்றைக்கு அந்தப் பெண்மணி என் கணவரிடம், தினமும் பல்லிடுக்கில் நூல் போடுகிறீர்களா என்று கேட்டார். வீட்டில் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லாத மனிதர், வாயில் கண்ணாடியும் கொக்கியுமாக, இல்லை என்று தலையாட்டியதைப் பார்த்தேன். எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்துவிட்டது.

திரும்பி வரும்போது காரிலேயே கேட்டேன்.

"ஏனுங்க, நான் டென்டல் ஹைஜீன் படிக்கட்டுங்களா? நம்ம கம்யூனிட்டி காலேஜ்லயே இருக்குதாமா."

"தாராளமாப் படி புள்ள. கம்யூனிட்டி காலேஜ்தான? கதவத் தொறந்து போட்டு வெச்சிருக்கறாங்க. போய் உக்கார வேண்டியதுதான்."

அவர் சொன்னதில் பாதி சரி. அந்தக் கல்லூரியின் வாசல் எல்லோருக்கும் திறந்தே இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், ஓய்வு பெற்றவர்கள் மண்பாண்டம் செய்யக் கற்றுக்கொள்ள வருவார்கள். ஆனால் உள்ளே போன பிறகு இன்னும் சில கதவுகள் இருந்தன. நர்சிங்குக்கு ஒன்று, எக்ஸ்ரேவுக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று. அவை வருடத்துக்கு ஒரு முறைதான், அதுவும் ஒரு வகுப்பறை அளவுக்கு மட்டுமே திறக்கும்.

விண்ணப்பம் போட வேண்டுமானால் முதலில் ஒரு விளக்கக் கூட்டத்துக்குப் போயே ஆக வேண்டும். கணவரும் மடிக்கணினியோடு துணைக்கு வந்தார். அந்தப் பிரிவின் தலைவி மிகவும் மென்மையான குரலில், சிரித்த முகம் மாறாமல், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். உடற்கூறியல் முடித்திருக்க வேண்டும், நுண்ணுயிரியல் முடித்திருக்க வேண்டும், வேதியியல், உளவியல், மேடைப் பேச்சு. பிறகு நுழைவுத் தேர்வு. ஒரு கிளினிக்கில் நின்று வேடிக்கை பார்த்ததற்குச் சான்று. தடுப்பூசிகளுக்குச் சான்று. எல்லாவற்றுக்கும் புள்ளிகள் உண்டு, புள்ளிகளைக் கூட்டி வரிசைப்படுத்தி மேலிருந்து எடுப்பார்கள். பக்கத்தில் என் கணவர் மடிக்கணினியை மெதுவாக மூடினார்.

நான் கையைத் தூக்கினேன். கோயம்புத்தூரில் விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன், அது உதவுமா என்று கேட்டேன். "வொண்டர்ஃபுல்!" என்றவர், எப்போது முடித்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். இன்னும் அன்பாகச் சிரித்தார். அறிவியல் பாடங்கள் சமீபத்தில் படித்தவையாக இருக்க வேண்டுமாம்.

"ஏனுங்க, இத்தன வருசத்துல மனுசனுக்குக் கல்லீரல் எடம் மாறியா போச்சு?" என்று காரில் பொருமினேன்.

"புது வெர்ஷன் வந்திருக்கும்" என்றார்.

ஆனால் அன்றிலிருந்து அவர் பேச்சு மாறிவிட்டது. வார இறுதியில் யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும், "அதுல நெனச்சவுடனே எல்லாம் சேர முடியாதுங்க. செலக்டிவ் ப்ரோக்ராம்" என்று, ஏதோ தானே அந்தப் படிப்பை ஆரம்பித்தவர் போலச் சொல்ல ஆரம்பித்தார்.

மறுபடியும் முதலிலிருந்து படிக்கச் சேர்ந்த உடற்கூறியல் வகுப்பில் எல்லோரும் என் மகள் வயதுப் பிள்ளைகள். அதில் ஒருத்தி என் மகளின் பள்ளித் தோழியே. பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடத்தையும் சேர்த்துப் படிக்கிறவள். மகளுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வெளிறிவிட்டது.

"அம்மா, ப்ளீஸ் டோன்ட் டாக் டு ஹெர்."

"ஏன் கண்ணு, லேப்ல ஒரே மேசைல உக்காந்துட்டுப் பேசாம எப்படி?"

"ஃபைன். பட் டோன்ட் கிவ் ஹெர் முறுக்கு."

அடுத்த வாரமே கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் மண்டையோட்டின் எலும்புப் பெயர்களை மனப்பாடம் செய்ய முடியாமல் கண் கலங்கி நிற்கும்போது நான் வேறு என்ன செய்ய? முறுக்கைக் கடித்துக்கொண்டே இருவரும் தாடை எலும்பை முடித்தோம்.

நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பைக் கணவர் ஏற்றார். கணக்கெல்லாம் சின்னப் பிள்ளைகள் போடுவது என்று சொல்லி, எனக்கு முன்னால் தானே ஒரு மாதிரித் தேர்வை எழுதிக் காட்டினார். கணக்கில் முழு மதிப்பெண். ஆங்கிலப் பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் பகுதியில் பாதிக்கு மேல் தப்பு. பத்தியைப் படிக்காமலேயே விடையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அலுவலகத்தில் வரும் மின்னஞ்சல்களையும் இப்படித்தான் படிப்பீர்களா என்று கேட்டேன். அதற்குப் பிறகு நானே தனியாகப் படித்துக்கொண்டேன்.

கிளினிக்கில் வேடிக்கை பார்க்க, கோயிலில் பழக்கமான ஒரு சென்னைக்காரப் பல் டாக்டர் இடம் கொடுத்தார். அங்கே நான் எதையும் தொடக் கூடாது, நோயாளியிடம் பேசக் கூடாது, பார்த்ததை வெளியே சொல்லவும் கூடாது. முதல் நாள் காலையில் நாற்காலியில் வந்து படுத்தவர், எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அங்கிள். யாரென்று சொல்ல மாட்டேன், பேர்லேண்டில் அங்கிள்களுக்குப் பஞ்சமில்லை. எப்போது பார்த்தாலும் என்னை நிறுத்தி வைத்து டேட்டா சயின்ஸ் படிக்கச் சொல்கிறவர். நான் உடனிருக்கலாமா என்று டாக்டர் அவரிடம் அனுமதி கேட்டார். "ஓ, நம்ம பொண்ணுதானே! இருக்கட்டும், இருக்கட்டும்" என்றவர், என் பக்கம் திரும்பி, "இதெல்லாம் எதுக்கும்மா உனக்கு? நான் சொன்ன கோர்ஸ் பார்த்தியா?" என்று ஆரம்பித்தார். அதற்குள் ஹைஜீனிஸ்ட் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. கண்களால் மட்டும் ஏதோ சொல்ல முயன்றுகொண்டே இருந்தார். விதிப்படி நான் பதில் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய கஷ்டம் தடுப்பூசியில் வந்தது. சின்னம்மைக்கு ஊசி போட்டதற்கு, அல்லது சின்னம்மை வந்து போனதற்கு, சான்று வேண்டும். கோபியில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, எனக்குச் சின்னப் புள்ளைல அம்மை போட்டுச்சில்ல? அதுக்குச் சர்ட்டிபிகேட் ஏதாச்சும் இருக்குதா?"

"ஆத்தா வந்துட்டுப் போனதுக்குச் சர்ட்டிபிகேட்டா?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "வேப்பலைல படுக்க வெச்சு, தலைக்குத் தண்ணி ஊத்தி, மாரியம்மன் கோயில்ல மாவெளக்கு எடுத்தமே, சாமி. பூசாரியக் கேட்டுப் பாருன்னு சொல்லு அவுங்கள. உன்ற புருவத்துக்கு மேல தழும்பு இருக்குதே, அதப் படம் புடிச்சு அனுப்பு."

பூசாரியின் கையெழுத்தைக் கல்லூரி ஏற்காது என்று எவ்வளவு சொல்லியும் அம்மா விடவில்லை. பூசாரி இப்போது போன் வைத்திருக்கிறார், வீடியோவில் வரச் சொல்லட்டுமா என்றார். கடைசியில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். சின்னம்மை வந்ததற்கான எதிர்ப்புச் சக்தி உடம்பில் நிறையவே இருக்கிறது என்று முடிவு வந்தது. அம்மாவிடம் சொன்னேன். "அதத்தான நானும் சொன்னேன். இதுக்கு எதுக்குப் புள்ள ரத்தத்தைக் குடுத்தே?" என்று கடிந்துகொண்டார்.

எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். மதிப்பெண்கள் நன்றாகவே இருந்தன, மேடைப் பேச்சில்கூட. அதனால் கிடைத்துவிடும் என்றே நம்பினேன். ஒரு நாள் மதியம் மின்னஞ்சல் வந்தது. எனக்கு இடம் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் இருந்தேன்.

கணவர் மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு எழுந்து வந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்காக அவர் மீட்டிங்கிலிருந்து எழுந்தது அபூர்வம்.

"வெயிட்டிங் லிஸ்ட்தான? கடைசி நேரத்துல கன்பார்ம் ஆயிரும் பாரு. அப்பல்லாம் தீபாவளிக்கு ரயில்ல ஊருக்குப் போறப்ப நமக்கு எப்பப் புள்ள மொதல்லயே சீட்டுக் கெடச்சிருக்குது?"

"கெடைக்காம பஸ்ல நின்னுட்டே போனதும் இருக்குதுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அழுகை வந்தது. வகுப்பறையில் என் மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தபோது வராத கூச்சம் அப்போதுதான் வந்தது. மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "யூ காட் அன் ஏ இன் எவ்ரிதிங், அம்மா" என்றாள். அவள் என் மதிப்பெண்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

கோடை பாதி கழிந்தது. இந்தியக் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு வெயிலில் காரைத் திறந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பிரிவுத் தலைவியின் அதே மென்மையான குரல். சேர்ந்திருந்த ஒரு பெண்ணின் குடும்பம் வேறு ஊருக்கு மாறுகிறது, இடம் காலி, இன்னும் விருப்பம் இருக்கிறதா என்று கேட்டார். யெஸ் என்றேன். அவர் சொன்ன விவரம் எதுவும் காதில் ஏறவில்லை, மறுபடியும் யெஸ் என்றேன். வீட்டுக்குப் போகும்வரை ஏசி போட வேண்டும் என்பதே தோன்றவில்லை. உறையவைத்த வெண்டைக்காய் முழுவதும் உருகிப்போயிருந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் பொரியல் செய்ய வேண்டியதாயிற்று.

வகுப்பு தொடங்கிய முதல் வாரம், நோயாளிகளைத் தொடும் முன்பு ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பழகச் சொன்னார்கள். எனக்குத் துணையாக வந்தவளுக்கு இருபது வயது இருக்கலாம். கையுறை மாட்டி, விளக்கைத் திருப்பி, என் வாய்க்குள் குனிந்தாள். கண்ணாடியை விட்டு ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள். பிறகு, இவ்வளவு அடைத்த பற்களை ஒரே வாயில் இதுவரை பார்த்ததில்லை என்று வியந்தாள். எல்லாம் தேங்காய் பர்பி என்று சொல்ல நினைத்தேன். வாயில் கண்ணாடி இருந்தது. தினமும் பல்லிடுக்கில் நூல் போடுகிறீர்களா என்று கேட்டாள். என் கணவர் அன்றைக்குத் தலையையாவது ஆட்டினார். நான் மேலே விளக்கைப் பார்த்தேன்.