சிராஜுதீன் பாயின் பித்தளைப் பின்

மேட்டுப்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் சிராஜுதீன் பாய்க்கு ஒரு வழக்கம். எந்தப் பாகத்தைக் கடைந்தாலும், முதலில் செய்ததை உடைத்துப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். “பாய் ஆக்குறதவிட அழிக்கிறதுதான் ஜாஸ்தி” என்று பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

தவளக்குப்பம் கமலக்கண்ணனிடம் தொண்ணூறு வயதான சொகுசு கார் ஒன்று இருந்தது. மகள் சரிதாவுக்கு அடுத்தபடியாக அதைத்தான் கொஞ்சுவார். அடுத்தபடிதானா என்று சரிதாவுக்கே சந்தேகம். அவளுடைய பெண்ணழைப்பு அந்தக் காரில்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் தண்ணீர் பம்பை எஞ்சினோடு இணைக்கும் சின்ன ஆணியான ‘பின்’ தேய்ந்து கிடந்தது.

“நூறு வருஷத்துக்கு உடையாத மாதிரி போடு பாய்,” என்றார்.

பாய் நல்ல எஃகில் பின் செய்தார். பழைய கிரைண்டர் மோட்டாரில் அதே போல ஒரு பம்பைப் பூட்டி ஓடவிட்டு, வேண்டுமென்றே பம்பைச் சுற்றவிடாமல் சிக்க வைத்தார். பின் அசையவில்லை, அதை ஓட்டிய பல்சக்கரம்தான் பல் கொட்டிப்போனது. நல்லவேளை, அது சோதனைக்காக அவரே வெட்டியது. காரிலிருக்கும் அசல் சக்கரம் போனால் உலகத்தில் வேறு கிடையாது.

பித்தளையில் செய்து பார்த்தார். அதுவும் உடைய மறுத்தது. நடுவில் லேசாகப் பள்ளம் கடைந்தார். இந்தத் தடவை பின் பட்டென்று துண்டானது. புதிதாக வெட்டி மாட்டிய சக்கரத்தில் ஒரு கீறல் இல்லை.

“உடையாததக் கேட்டா உடையறதக் குடுக்குறியே!” என்று குதித்தார் கமலக்கண்ணன்.

“இது உடைஞ்சாத்தான்ணே உங்க வண்டி பொழைக்கும்.”

அரைமனதாக வாங்கிப் போனார்.

பெண்ணழைப்பு பாதி வழி வந்திருக்கும். முன்பக்கம் குபுகுபுவென்று ஆவி கிளம்பி கார் நின்றுவிட்டது. கமலக்கண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர்வலத்தோடு வந்துகொண்டிருந்த பாய் வெள்ளைச் சட்டையோடு குனிந்தார். பம்பில் துருச்செதில் ஒன்று சிக்கி, பித்தளைப் பின் துண்டாகியிருந்தது. பல்சக்கரத்தைத் தடவினார்; எல்லாப் பல்லும் பத்திரம். எஞ்சின் ஆறி, பாயின் பையிலிருந்த புதுப் பின் ஏறும்வரை நாயனக்காரர் வாசித்த பாட்டையே திரும்ப வாசித்தார்.

தெருவே பதறி நிற்க, உடைந்த துண்டுகளைக் கையில் வைத்து இளித்துக்கொண்டிருந்தவர் பாய் ஒருவர்தான். சரிதா மாலையோடு தலையை நீட்டினாள்.

“நல்லா உடைஞ்சிருக்கா பாய்?”

“தங்கமா உடைஞ்சிருக்கும்மா!”

கமலக்கண்ணன் துண்டுகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பாயின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“இதே மாதிரி உடையறதா இன்னும் நாலு போட்டுக் குடு பாய்.”