நாலாவது ஆள்

மூன்று பேராகப் போட்டோ எடுத்துக்கொள்ளக் கூடாது, நடுவில் நிற்பவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் மூவரில் யாருக்கும் இதில் நம்பிக்கை கிடையாது. மீறிப் பார்க்கும் தைரியமும் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க நியூஜெர்சிக்கு வந்தபோது இந்தப் பயமும் எங்களோடு விமானம் ஏறிவிட்டது.

நான், ஈரோட்டுக்காரி ஒருத்தி, மயிலாப்பூர்க்காரி ஒருத்தி. பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மூவருக்கும் ஒரே வீடு. கார் இல்லை. கார் இல்லாதவர்களுக்கு நியூஜெர்சி என்பது பார்க்கிங் லாட்டும் பனியும்தான். அதனால் வெளிநாட்டு மாணவர்களுக்காக யுனிவர்சிட்டி சனிக்கிழமைகளில் ஏற்பாடு செய்யும் டே ட்ரிப் ஒன்றைக்கூட நாங்கள் விட்டதில்லை. மஞ்சள் ஸ்கூல் பஸ், கையில் கொடி பிடித்து முன்னால் நடக்கும் ஓர் அம்மாள், அவர் பின்னால் ஆட்டுமந்தை மாதிரி நாங்கள். கலங்கரை விளக்கமோ கடற்கரையோ, எங்கே போனாலும் டப்பாவில் புளியோதரை உண்டு.

முதல் ட்ரிப் ஓர் ஆப்பிள் தோட்டத்துக்கு. மரத்தடியில் மூவரும் செல்ஃபிக்கு நின்று சிரிக்கத் தொடங்கியபோதுதான் மயிலாப்பூர்க்காரிக்கு உறைத்தது.

“ஏய், மூணு பேரா நிக்கறோம்டி. வேணாம், யாரையாவது கூப்பிடு.”

கொஞ்சம் தள்ளி ஒரு பையன் தனியாக நின்றுகொண்டிருந்தான். பஸ்ஸிலும் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தான். பிலிப்பைன்ஸ்காரன் என்று பிறகு தெரிந்தது. எங்களோடு ஒரு படத்துக்கு நிற்க முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவசர அவசரமாகத் தலைமுடியைக் கோதிக்கொண்டு வந்து ஓரத்தில் நின்றான்.

அதிலிருந்து எல்லா ட்ரிப்பிலும் அவன்தான். நான் ஃபோனை வெளியே எடுத்தால் போதும், எங்கிருந்தாலும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பான். “வாங்க சார், டூட்டிக்கு டைம் ஆச்சுங்க” என்று ஈரோட்டுக்காரி தமிழிலேயே கூப்பிடுவாள். ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டே வருவான். எடுத்த படங்களை அவனுக்கும் அனுப்பிவைப்பேன். என் ஃபோனில் அவன் நம்பருக்கு ‘ஃபோர்த்’ என்றுதான் பெயர்.

“யாருடி அந்தப் பையன், எல்லா போட்டோலயும் நிக்கறான்?” என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.

“யாரும் இல்லம்மா, சும்மா நாலாவது ஆளு.”

அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அந்த ஆண்டின் கடைசி ட்ரிப் கடற்கரைக்கு. டெக்ஸாஸில் ஆலன் என்ற ஊரிலிருந்து மயிலாப்பூர்க்காரியின் அத்தை பெண் வந்திருந்தாள். அன்றைக்கு நாங்களே நாலு பேர். நான் ஃபோனை எடுத்ததும் அவன் வழக்கம்போலத் தலையைக் கோதிக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டான். வந்தவனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் ஃபோனை அவன் கையில் கொடுத்தேன். நன்றாகத்தான் எடுத்துக் கொடுத்தான்.

குளிர்கால விடுமுறையில் யுனிவர்சிட்டியிலிருந்து ஒரு மெயில் வந்தது. மாணவர் ஒருவர் தூக்கத்திலேயே இருதயம் நின்று இறந்துவிட்டார் என்று. பெயரைப் படித்தபோது யாரென்றே தெரியவில்லை. கீழே இருந்த படத்தில் இருந்தது ஃபோர்த்.

நடுவில் நிற்பவருக்கு வரவேண்டியது ஓரத்தில் நின்றவனுக்குப் போய்விட்டதா? அறிவுகெட்ட கேள்விதான், தெரியும். இருதயத்துக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் இன்றைக்கும் யாராவது “க்ளோசா நில்லுங்க” என்றால் என் வலது பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டுவிடுகிறேன். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மட்டும் பயம்.

அறையைக் காலி செய்ய அவன் அம்மா வந்தார். மகன் அனுப்பிய படங்களில் இருக்கும் மூன்று பெண்களையும் பார்க்க வேண்டும் என்றாராம். ஸ்டூடன்ட் சென்டர் காபிக் கடையில் சந்தித்தோம். ஊரில் பள்ளிக்கூட டீச்சர். ஒவ்வொரு வார்த்தையாக நிதானமாக ஆங்கிலம் பேசினார். அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

“என் மகன் இங்கே தனியாக இருந்தானா?”

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

“சனிக்கிழமை ஃப்ரெண்ட்ஸோடு போகிறேன் என்பான். இந்த வாரமும் கூப்பிட்டார்கள் என்பான். நீங்கள்தானே கூப்பிட்டீர்கள்?”

“ஆமாம், நாங்கள்தான் கூப்பிட்டோம்” என்றேன். அது பொய் இல்லை. ஏன் கூப்பிட்டீர்கள் என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். “எதையும் சொல்லிப்போடாத புள்ள” என்று ஈரோட்டுக்காரி தமிழில் முணுமுணுத்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. மகனுக்காக அழுகிறாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் ஃபோனிலிருந்த படங்களைப் பார்க்கலாமா என்றார். கொடுத்தேன். ஆப்பிள் தோட்டம், கலங்கரை விளக்கம், பஸ் வாசல் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். எல்லாம் அவரிடம் ஏற்கெனவே இருந்தவை. கடற்கரைப் படம் வந்ததும் விரல் நின்றது.

“இதில் அவனைக் காணோமே?”

“அதை எடுத்ததே அவன்தான்” என்றேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். படத்தில் நாங்கள் நால்வரும் தோளோடு தோள் ஒட்டி நின்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

“எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்” என்றார். “இதை மட்டும் அவன் எனக்கு அனுப்பவில்லை.”

அவனுக்கு நான் அனுப்பியிருந்தால்தானே. அவன்தான் அதில் இல்லையே என்று விட்டுவிட்டேன். அவர் தன் நம்பரைச் சொல்லச் சொல்ல, அங்கேயே அனுப்பிவைத்தேன்.