இரண்டாவது திருத்தம் ஏறவில்லை

எந்தக் கோளாறுக்கும் எங்காவது ஒரு தப்பான வரி காரணமாக இருக்கும், தேடினால் அகப்படும் என்று சொல்லியே சம்பளம் வாங்கினவள் நான். சாமியாடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பீளமேட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். ரத்தம் கொடுக்கிறவர்களின் பெயர், குரூப், போன் நம்பர் எல்லாம் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம் போட்ட ஒரு கம்ப்யூட்டரில் இருந்தன. அதற்கு முன் தடித்த நோட்டு ஒன்று இருந்தது, இனி எதற்கு இந்தக் குப்பை என்று அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டதும் நான்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கர்னல் புதிதாக வந்திருந்தது. கர்னல் என்றால் கம்ப்யூட்டரை எழுப்பி, டிஸ்க் முதல் கீபோர்டு வரை எல்லாவற்றையும் மேய்க்கிற அடிப்படை நிரல். அதைக் கம்பைல் செய்து, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டுகிற வடிவத்துக்கு மாற்றி, பழையதன் மேலேயே எழுதிவிட்டேன். பழையதை வேறு பெயரில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் புதியதைப் போடவேண்டும், லினக்ஸில் கைவைத்த எல்லோருக்கும் இது தெரியும், எல்லோரும் ஒருமுறையாவது இந்தத் தப்பைச் செய்வார்கள். புதிய கர்னலுக்கு டிஸ்க்கை இணைக்கிற எங்கள் கார்டு பிடிபடவில்லை. திரையில் ‘கர்னல் பேனிக்’ என்று வந்து அப்படியே நின்றுவிட்டது.

சாவகாசமாகச் சரிசெய்துகொள்ளலாம் என்று, பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து எங்கள் ஊர் லினக்ஸ் குழுவுக்கு விவரத்தை மெயிலில் எழுதிப் போட்டேன். பதினோரு மணிக்கு என் அக்காவை அதே மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். நிறைமாதம், ரத்தம் நிற்கவில்லை. அவளுக்கு ஓ நெகட்டிவ். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பாட்டில், மற்ற ஆஸ்பத்திரிகளில் அதுவும் இல்லை. டாக்டரம்மா என் அறைக்கே வந்து, “லிஸ்ட்டை எடுங்கம்மா, நேரமில்லீங்க” என்றார்.

லிஸ்ட் செத்துக் கிடக்கிறது என்று அவரிடம் சொல்லாமல் பக்கத்து மேஜைக்குத் திரும்பினேன்.

மெயிலைத் திறந்தால், நல்ல வேளையாக, குழுவை நடத்திவந்த செந்தில் பேட்ச் அனுப்பியிருந்தார். எந்த வரியை எடுத்து எந்த வரியைப் போடவேண்டும் என்று சொல்கிற சின்னக் கோப்புதான் பேட்ச். இரண்டு இடத்தில் திருத்தம். ஆனால் மெயிலில் வரிகள் உடைந்து வந்திருந்ததால் இரண்டும் தானாக ஏறவில்லை, கையால் அடிக்கவேண்டியதாயிற்று. கர்னல் நிரலின் பிரதி அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் இருந்தது, அதில் முதல் திருத்தத்தை அடித்துவிட்டேன். இரண்டாவது போடவேண்டிய இடமே என் நிரலில் இல்லை. மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தபோது மேஜைமேல் போன் அடித்தது.

“ஏனுங்க அம்மணி, லினக்ஸ் குழுவுல இருந்து பேசறேனுங்க. மொதத் திருத்தத்துல ஒரு செமிகோலனை உட்டுப்போட்டீங்க பாருங்க.”

பார்த்தேன். விட்டுத்தான் இருந்தேன். அந்த இடத்தில் எல்லோரும் விடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பேசியது செந்தில் என்றுதான் நம்பினேன், அவரை மெயிலில் தெரியுமே தவிர குரலைக் கேட்டதில்லை.

“ரெண்டாவதை எங்க போடறதுன்னே தெரியலீங்க” என்றேன்.

“அது ஏறாதுங்க. இழுத்துப் புடிக்காதீங்க, உட்டுருங்க. மொதலாவது நின்னாப் போதும், எந்திரிச்சுக்குமுங்க.”

கம்பைல் போட்டுவிட்டு நன்றி சொன்னேன். அவர் உடனே வைக்கவில்லை. “அக்கா கேட்டாங்கன்னா பையன்னு சொல்லிப்போடாதீங்க அம்மணி” என்றார். லைன் போய்விட்டது.

நம்பினால் நம்புங்கள், அதை நான் கிராஸ் டாக் என்றே எடுத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் நம் போனில் ஊரார் பேச்செல்லாம் கேட்கும்.

கம்பைல் முடிய நாற்பது நிமிடம். நோட்டைத் தூக்கிப் போட்ட கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முடிந்ததும் ஃபிளாப்பியில் ஏற்றி, செத்துக் கிடந்த கம்ப்யூட்டரில் போட்டேன், அது எழுந்துகொண்டது. ஓ நெகட்டிவில் மூன்று பெயர். இரண்டு பேர் ஊரில் இல்லை. மூன்றாமவர் பக்கத்து மில்லில் ஃபிட்டர், எண்ணெய்க் கறைச் சட்டையோடு ஓடிவந்தார்.

அக்கா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பச்சைத் துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்கள். பையன்.

எனக்கு அப்போதுதான் போனில் கேட்ட அந்தக் கடைசிப் பேச்சு நினைவுக்கு வந்தது. சாயங்காலம் கண் விழித்த அக்கா, “என்ன கொழந்தை அம்மணி?” என்று கேட்டாள். “பொண்ணுக்கா” என்றேன். மாமாவையும் வீட்டில் எல்லோரிடமும் அப்படியே சொல்லச் சொன்னேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, அடக்கம் செய்துவிட்டு வந்த கையின் மண்ணைக்கூட அவர் இன்னும் கழுவியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு குழுக் கூட்டத்தில் செந்திலைப் பார்த்தேன். அவர் திருநெல்வேலிக்காரர், பேச்சில் மருந்துக்கும் ஒரு ‘ங்க’ கிடையாது. மெயிலை அனுப்பிவிட்டு அன்று காலையே தாராபுரம் பஸ் ஏறிவிட்டாராம். போன் செய்யவில்லை. மற்ற யாரும் செய்யவில்லை, என் மெயிலில் நான் நம்பரே கொடுத்திருக்கவில்லை. இரண்டாவது திருத்தத்தைப் பற்றிக் கேட்டேன். “அது ஒண்ணுமில்ல, கார்டு கிடைச்சிட்டுன்னு திரையில ஒரு வரி காட்டும், அவ்வளவுதான்” என்றார்.

செமிகோலனை விடுங்கள், யாரோ ஊகித்திருக்கலாம். பையன் என்றதையும் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். ஏழு வருடம் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அதன்பிறகு குழந்தை இல்லை. வருடா வருடம் அந்த மாதத்தில் ஒரு பாவாடை சட்டை வாங்கி ஏதாவது ஒரு பெண் குழந்தைக்குக் கொடுப்பாள், துணைக்கு நான் போவேன்.

ஏழாவது வருடம் ஒப்பணக்கார வீதிக் கடையில் துணியைத் தடவிப் பார்த்தபடி, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“எங்க மாமியா பையன் பையன்னு பத்து மாசம் உசுரை எடுத்துப்போட்டாங்க அம்மணி. பொண்ணுன்னு நீ சொன்னதுலதான் பொழச்சுக் கெடந்தேன். பையனைத் தொலைச்சுப்போட்டேன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி மாடில இருந்து குதிச்சிருப்பேன்.”

இது அவள் அதுவரை யாரிடமும் சொல்லாதது. கூடப் பிறந்த எனக்கே தெரியாதது.

கடைக்காரர் எத்தனை வயதுக்கு என்று கேட்டார்.

“ஏழு வயசுப் பொண்ணுக்குங்க” என்றாள் அக்கா. கலர் நல்லாயிருக்கிறதா என்று என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.