பழகிய கை

திருவல்லிக்கேணி மேன்ஷனில் எனக்கு மூன்றாம் மாடியில் ஓர் அறை இருந்தது. பக்கத்து அறைகளில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பெயர் தெரிவதற்குள் காலி செய்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மெஸ் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே படுத்துக் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும், ஞாயிறு எவ்வளவு நீளம் என்று. எனக்கு அந்தத் தொல்லை இல்லை. எனக்கு அடையாறு ஆய்வுக்கூடத்தில் எலிகள் இருந்தன.

நான் ஆராய்ச்சி மாணவன். எலிகளுக்கு ஊசி போட்டுச் சர்க்கரை நோயை வரவழைத்து, பிறகு சிறுகுறிஞ்சான் இலையிலிருந்து பிரித்தெடுத்த பொடியைத் தண்ணீரில் கலந்து வாயில் புகட்டி, நோய் குறைகிறதா என்று பார்ப்பது வேலை. நோயை நாமே கொடுத்துவிட்டு நாமே வைத்தியமும் பார்க்கிற இந்தக் கூத்தை வீட்டில் யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை.

இதில் ஒரு சிக்கல். எலி பயந்தால் அதன் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடும். அந்த அளவை வைத்துக்கொண்டு மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் தினமும் ஒரே ஆள் தூக்கிப் பழக்க வேண்டும். அந்த ஆள் நான். தீபாவளிக்குக்கூட ஊருக்குப் போகவில்லை.

"இன்னா சார், பண்டிகை நாள்லகூட வந்துக்கினு கீறீங்க? வூட்ல தேட மாட்டாங்களா?" என்று கூண்டு கழுவுகிறவர் கேட்டார்.

"இதுங்க தேடுமே" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். ஒரு நாளில் நான் தொடுகிற உயிர் இவை மட்டும்தான் என்பது சொன்ன பிறகே உறைத்தது.

அவற்றில் ஒன்றுக்கு அடையாளமாகத் தலையில் மஞ்சள் சாயம் பூசியிருந்தேன். கூண்டைத் திறந்தால் தானாகவே உள்ளங்கையில் ஏறிக்கொள்ளும். நோய் முற்றியபோது பாட்டில் தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்த்து, படுக்கிற உமியை நனைத்துவிட்டு, எலும்பும் தோலுமாக நின்றது. பொடி கொடுக்க ஆரம்பித்துச் சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில் பாட்டிலில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. சர்க்கரை அளக்கும் கருவியில் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, நோய் குறைகிறது என்று. மேன்ஷனில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்படியா? எங்கப்பாவுக்கு ரெண்டு பொட்டலம் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளித்தார்.

சர்க்கரை குறைந்தால் மட்டும் போதாது. கணையத்தை எடுத்து, உள்ளே புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேறிய எலியையும் கொன்றாக வேண்டும். முதல் நாளே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் கடைசி வாரத்தில் எங்கள் பேராசிரியையிடம் போய், அந்த ஒரு நாள் மட்டும் வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"வேற யாராவது தொட்டா மிரண்டுடும்ப்பா. கடைசி அளவு தப்பாப் போச்சுன்னா இத்தனை நாள் பண்ணதெல்லாம் வீண். உன் கைக்குத்தானே பழகியிருக்கு?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பரிவாகச் சொன்னார்.

அன்று ஆய்வுக்கூடத்தின் பக்கத்து அறையில் மயக்க மருந்து தயாராக இருந்தது. கூண்டைத் திறந்தேன். மஞ்சள் தலை எப்போதும்போல் என் கையில் ஏறி வந்து, கட்டைவிரலை முகர்ந்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தேன். கொஞ்சமாவது ஏறியிருக்கக் கூடாதா, ஒரு நொடியாவது என்னைப் பார்த்துப் பயந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

ஏறவில்லை. அதனிடம் அதுவரை எடுத்த அளவுகளிலேயே அதுதான் குறைவு.